கம்போஜத்தின் ஒன்பது கோபுரங்கள்

ஈரேழு உலகங்களிலும் உள்ள திருத்தலங்களையெல்லாம் தம் இரு கண்களால் தரிசித்த மானிடர் ஒருவர் உண்டென்றால், அவர் மருதவேளூர் விடங்க மாராயரைத் தவிர வேறொருவராக இருக்க முடியாது. கம்போஜத்துக் கோபுரங்களையும், சாவகத்து மலைக்கோயிலையும், யவனர் பேரூரின் விண்தொடு விமானத்தையும் கண்டு மீண்ட மாவீரர் அவரே என்று, மருதவேளூர்ச் சிவன் கோயிலின் தெற்குச் சுவரில், உள்ளங்கை அகல எழுத்துக்களில், சந்திர சூரியர் உள்ளவரை அழியாதபடி கல்லில் வெட்டப்பட்டிருந்தது. கல்தச்சருக்கு அந்தச் செய்தியைச் சொன்னவர் யார் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். விடங்க மாராயர்தாம் சொன்னார்.

மாராயர் நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஓரடி எடுத்து வைத்தவரல்லர். கப்பல் ஏறப் போன இடத்தில் கப்பலை விட்டுவிட்டு, துறைமுகத்துச் சத்திரம் ஒன்றில் மூன்று வருஷம் தங்கி, வந்து போகும் மாலுமிகளுக்குச் சுக்கு வெந்நீர் வாங்கிக் கொடுத்து, அவர்கள் கண்டதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். அவர் மெய்யாகவே கண்ணால் கண்ட அயல்நாட்டு மன்னர் திருப்பணி, சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளி ஒன்றுதான். அதுவும் நாகையிலேயே, சத்திரத்துக்கு நாலு தெரு தள்ளி இருந்தது.

இந்த வரலாறு தொடங்கும் அந்திப் பொழுதில், கொள்ளிடப் பேராறு நாணலும் கோரையும் தலையசைக்க, மேற்கே மங்கும் செவ்வொளியை ஒரு கரையிலும் கிழக்கே எழும் முழுமதியின் வெள்ளொளியை மறு கரையிலும் ஏந்திக்கொண்டு, இரு மன்னரிடமும் திறை வாங்கும் தந்திரசாலியைப் போலச் சப்தமின்றி ஓடிக்கொண்டிருந்தது. தென்கரையில் மருதவேளூர்க் கோட்டை. கோட்டைக்கு வெளியே, பட்டு விதானத்தின் கீழ், மருதவேளூரை ஆண்ட வயிரமேக நாடாழ்வார் கொலுவீற்றிருந்தார். வடகரையில் எருக்காட்டூர். அந்த ஊர்ச் சிற்றரசன் மருதவேளூரைப் பிடிக்க வெகுகாலமாக முயன்றும், ஆற்றோரத்து நாணலுக்குள் மறைந்திருந்த கோட்டையின் நீர்வாயில் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

நாடாழ்வாருக்கு ஓர் ஆசை. உலகத்துப் புகழ்பெற்ற ஆலயங்களின் சிறப்பையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, கோட்டைக்குள்ளேயே ஒரு கோயில் எழுப்ப வேண்டும். அதற்கு யோசனை சொல்லத்தான் விடங்கர். சாட்சி சொல்ல, எங்கிருந்தோ செய்தி கேள்விப்பட்டு, கம்போஜ மன்னரின் தூதர் வீரவர்ம பண்டிதர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அன்று வந்து சேர்ந்திருந்தார். பச்சைப் பட்டும், கழுத்து நிறையப் பவளமும், வாய் நிறைய வடமொழியும் அணிந்த பெருந்தகை.

"மாராயரே! தூதர் முன்னிலையில் கம்போஜத்துக் கோயிலை வர்ணியும். அவர் உம் சொல்லை ஒப்புக்கொண்டால் என் தம்பி மகள் வீராணி நங்கையை உமக்கே மணம் முடித்துத் தருவோம்," என்றார் நாடாழ்வார். பிறகு, நாட்டு நிலவரம் பேசுவது போல, "ஒப்புக்கொள்ளாவிடில் நாக்கை அறுப்போம்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

விடங்கர் எழுந்தார். கம்போஜத்துக் கோயிலுக்குத் தாமரை மொட்டுப் போல ஐந்து கோபுரங்கள், கடல் போன்ற அகழி, மேற்கு நோக்கிய வாயில். மாலுமிகள் அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்ன பாடம் அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் தவறமாட்டார். ஆனால் விதானத்தின் ஓரத்தில் வீராணி நங்கை உட்கார்ந்திருந்தாள். நிலவு அவள் மீது விழுந்திருந்தது. அவள் பார்வை விடங்கர் மீது விழுந்திருந்தது. விடங்கரின் பாடம் கீழே விழுந்தது.

"ஒன்பது... ஒன்பது கோபுரங்கள், அரசே! வாயில் வடக்கே!" என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

நாக்கு போயிற்று என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆகா! ஒன்பதேதான்! வடக்கேதான்! நேரில் கண்டவரன்றி யார் இதைச் சொல்ல முடியும்?" என்றார் தூதர்.

விடங்கர் ஒரு கண்ணைத் திறந்தார். ஒரு மனிதன் தன் ஊர்க் கோயிலுக்குக் கோபுரம் எத்தனை என்று மறப்பானா? மெதுவாக ஆழம் பார்த்தார். "சாவகத்து மலைக்கோயிலும் தூதர் அறியாததா? மலையையே படிப்படியாகச் செதுக்கி, உச்சியில் மணி கவிழ்த்தாற்போன்ற கற்கூடுகளுக்குள் புத்தர்கள் நின்றுகொண்டிருப்பார்களே!" அந்தப் புத்தர்கள் உட்கார்ந்திருப்பவர்கள் என்பது நாகைச் சத்திரத்துப் பூனைக்குக்கூடத் தெரியும்.

"நின்றுகொண்டேதான் இருப்பார்கள். கால் கடுக்காதோ என்று அடியேன் பரிதாபப்பட்டதுண்டு," என்றார் தூதர்.

"யவனர் பேரூரில், தூணே இல்லாத குடை விரித்தாற்போன்ற அந்த மாபெரும் கூரையை நான்கு யானைகள் தாங்குகின்றன. உயிருள்ள யானைகள். முறை வைத்து மாற்றுவார்கள்."

"அடியேன் போன சமயம் ஒன்றுக்கு மதம் பிடித்திருந்தது. கூரை சற்றே சாய்ந்திருந்தது."

சபை மெய்சிலிர்த்தது. விடங்கருக்கு விஷயம் விளங்கிவிட்டது. இவன் தூதனல்லன்! எருக்காட்டூர் ஒற்றன்!

"தூதர் பெருமானே! அமுது முடிந்ததும் நம் அன்னப் படகிலேயே தங்களை நீர்வாயில் வழியாக உள்ளே அழைத்துப்போய், கோயில் எழுப்பப் போகும் இடத்தைக் காட்டச் சொல்கிறேன்!" என்றார் நாடாழ்வார்.

தூதர் பணிவோடு தலை வணங்கினார். வணங்கிய தலைக்குள் என்ன ஓடியதென்று விடங்கர் ஒருவருக்குத்தான் தெரியும். அதைச் சொன்னால், "உமக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வி வரும். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலோடு நாக்கும் போகும், நங்கையும் போவாள்.

அமுது முடிந்து இலை எடுக்கும் சந்தடியில் விடங்கர் வீராணி நங்கையை ஆற்றங்கரை மருத மரத்தடிக்கு அழைத்துப்போனார். அன்பு வாசகர்களே, நிலவும் ஆறும் மருத மரமும் கூடிய இடத்தில் காதலர் பேசுவது என்னவாக இருக்கும் என்று நீங்கள் நினைப்பது இயல்பே. விடங்கர் பேசியது தம் வயிற்றைப் பற்றி.

"தேவி! நான் கம்போஜம் போகவில்லை. சாவகமும் போகவில்லை. கப்பல் கடலுக்குள் நின்றது. அதற்குப் போகச் சிறு தோணியில் ஏற்றினார்கள். கரையை விட்டு நகர்ந்தவுடன் வயிறு புரண்டு... தோணிக்காரன் திட்டிக்கொண்டே என்னைத் திரும்பக் கரையில் இறக்கிவிட்டான்."

"எனக்கு அப்போதே சந்தேகம்தான். சாவகத்துக் கோயில் படியேறுகையில் காலில் முள் தைத்ததென்று மூன்று முறை சொன்னீர். ஒவ்வொரு முறையும் வேறு காலில் தைத்தது."

"இரண்டு கால்தானே தேவி இருக்கிறது?"

"மூன்றாம் முறை குதிரையின் காலில்."

விடங்கர் தலை குனிந்தார். தூதனைப் பற்றி அவர் சொல்லி முடித்ததும் அவள் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "அப்படியானால் ஏன் இங்கே நிற்கிறீர்? போய்ச் சொல்லும்!"

"நாக்கை அறுத்துவிடுவாரே, தேவி!"

"உமது நாக்கு போவதால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் வீட்டில் நிம்மதியாக இருக்கும். கோட்டை போனால் திரும்பி வராது. நடவும்!"

விடங்கர் நடந்தார். சபை நடுவே சென்று, உடைவாளைக் கழற்றி அரசர் காலடியில் வைத்து, கணீரென்ற குரலில், "அரசே! நான் பொய்யன்! எந்தக் கோயிலையும் நான் கண்டதில்லை! என் பொய்யை ஆமோதித்த இந்தத் தூதனும் பொய்யன்!" என்றார்.

நாடாழ்வார் கண்ணில் நீர் ததும்ப, "என்ன அடக்கம்! என்ன அடக்கம்!" என்றார்.

"அடக்கம் அல்ல, அரசே! பொய்!"

"கல்லில் வெட்டியிருக்கிறதே, மாராயரே!"

"அதை நான்தான் சொன்னேன்!"

"நீர் சொன்னீர். வெட்டச் சொன்னது யார்? நாம். நாம் வெட்டச் சொன்னது பொய்யாகுமோ?" கேள்வியின் கடைசிச் சொல்லில் ஒரு கத்தி முனை தெரிந்தது. அமைச்சர்கள் ஒருமுகமாக, "ஆகாது! ஆகாது!" என்றார்கள்.

தூதர் எழுந்து மார்பில் கை வைத்தார். "மாராயரின் புகழை அவரே அழிக்க அடியேன் விடமாட்டேன்! கம்போஜத்து அரண்மனை முற்றத்தில் எங்கள் மன்னர் தம் கையாலேயே இவருக்கு வெண்கொற்றக்குடை பிடித்ததை இந்தக் கண்கள் கண்டன!"

"பிடிக்கவில்லை!" என்று கத்தினார் விடங்கர்.

"பிடித்தார்."

"சத்தியமாகப் பிடிக்கவில்லை!"

"பிடித்தார் ஐயா, மறந்துவிட்டீர். அன்றைக்கு நல்ல மழை."

உலகத்தில் தம் பெருமையை நிலைநாட்டப் போராடியவர்களின் கதை எத்தனையோ உண்டு. தாம் பொய்யன் என்று நிரூபிக்க முடியாமல் ஒரு வீரர் தொண்டை வற்றி நின்றது மருதவேளூரில்தான். வர்ணித்த பொய்களை அவர் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற, தூதர் ஒவ்வொன்றாக அவற்றை மீட்டுக் கொடுத்தார். யானைகள் மறுபடியும் கூரையைத் தாங்கின. புத்தர்கள் மறுபடியும் எழுந்து நின்றார்கள்.

"போதும்! கடல் கடந்த இரு பெருமக்களும் சேர்ந்தே அன்னப் படகில் ஏறுங்கள். மாராயரே, நீரே தூதருக்கு நீர்வாயிலைக் காட்டும்!" என்றார் நாடாழ்வார்.

விடங்கர் ஆற்றைப் பார்த்தார். அன்னப் படகு, அலையென்று சொல்லத் தகாத சிற்றலையில், மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்திலேயே அவருக்கு வாய் உப்புக் கரித்தது. அந்தக் கணத்தில் அவர் உள்ளத்தில் ஓர் ஒளி பிறந்தது. சொல் தோற்ற இடத்தில் வயிறு வெல்லும்! வீராணி நங்கையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். களம் புகும் வீரனைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படகில் ஏறினார். தூதர் எதிரே அமர்ந்து, பட்டு மடிப்புக் கலையாமல் சரிசெய்துகொண்டார். காவலர் படகைத் தள்ளிவிட்டார்கள்.

படகு கரையை விட்டு ஒரு மாட்டுவண்டி நீளம்கூடப் போகவில்லை.

நாடாழ்வார் விருந்தில் என்னென்ன பரிமாறப்பட்டதென்று விவரிப்பது சரித்திர ஆசிரியரின் கடமை எனினும், அதை இந்த இடத்தில் செய்வது நாகரிகமாகாது. எல்லாம் பச்சைப் பட்டின் மேல் இருந்தது என்று மட்டும் சொல்வோம்.

தூதர் துள்ளி எழுந்தார். அவர் வாயிலிருந்து வடமொழி போன இடம் தெரியவில்லை.

"அட நாசமாப் போறவனே! எம்மேலயாடா வாந்தி எடுத்து வைப்ப! இரவல் பட்டுடா இது! எங்க எருக்காட்டூரு மகராசாவோட சின்னப் பொண்டாட்டி சீலைடா! நான் அந்தம்மா மூஞ்சில எப்படிடா முழிப்பேன்!"

மருதவேளூர்ச் சபை முழுவதும் அந்த உரையைத் தெளிவாகக் கேட்டது. தாம் என்ன சொன்னோம் என்பது தூதருக்கும் அப்போதுதான் உறைத்தது. மறுகணம் விடங்கரைப் பிடித்து ஆற்றில் தள்ளிவிட்டு, கோலை எடுத்து ஓர் ஊன்று ஊன்றினார் பாருங்கள், அன்னப் படகு அம்பாய்ப் பறந்தது! பண்டிதர்கள் ஓடக்கோல் பிடிக்கும் லட்சணமல்ல அது. பரம்பரையாகத் துறையில் நிற்பவன் பிடிக்கும் லட்சணம். அம்புகள் பறந்தன. நிலவொளியில் அன்னத்தின் வால் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. நீர்வாயில் இருந்த பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இடுப்பளவு நீரில் நடந்து, கோரைப் புல்லும் சேறுமாக விடங்கர் கரையேறினார். எல்லோரும் நாடாழ்வாரின் முகத்தைப் பார்த்தார்கள். நாடாழ்வார் சற்று நேரம் மீசையைத் தடவினார்.

"ஒற்றனைப் பிடிக்க நாம் வகுத்த சூழ்ச்சி பலித்தது," என்றார்.

"பலித்தது! பலித்தது!" என்றார்கள் அமைச்சர்கள்.

"மாராயரின் நாக்கு..." என்று படைத்தலைவர் நினைவூட்டத் தொடங்கினார்.

"நமது சூழ்ச்சிக்கு உதவிய நாக்கு. இருக்கட்டும். கல்வெட்டும் அப்படியே இருக்கட்டும்."

வீராணி நங்கை முன்னால் வந்தாள். ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த விடங்கரைத் தலை முதல் கால் வரை பார்த்து, தன் மேலாடையை எடுத்து நீட்டினாள்.

"பெரியப்பா, நான் இவரையே மணப்பேன். சபை நடுவே தம்மைப் பொய்யன் என்று சொல்லிக்கொள்ள இந்த ஊரில் இவர் ஒருவருக்குத்தான் துணிவு வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. சுவரில் வெட்டியது கொஞ்சமாவது மெய்யாக வேண்டும். கடல் வேண்டாம். வடக்கே எலாபுரத்தில் ஒரு மலையை உச்சியிலிருந்து கீழாகக் குடைந்து, ஒரே கல்லில் கயிலாயநாதருக்குக் கோயில் எடுத்திருக்கிறார்களாமே? தரைவழிதான். இவர் போய், தம் சொந்தக் கண்ணால் பார்த்து வந்து, எத்தனை தூண் என்று என்னிடம் சொல்லட்டும். அப்புறம் மாலை எடுக்கிறேன்."

விடங்கரின் உடலில் புது ரத்தம் பாய்ந்தது. அரசர் காலடியில் கிடந்த வாளை எடுத்து, நிலவை நோக்கி உயர்த்தினார். "கொள்ளிடத்துப் பெருந்தெய்வங்கள் சாட்சி! முழுமதி சாட்சி! பொழுது புலர்ந்ததும் வடதிசை நோக்கிப் புறப்படுவேன்! எலாபுரத்து ஆலயத்தை என் கண்ணால் கண்டாலன்றித் திரும்பேன்! இது சபதம்! சபதம்! சபதம்!"

முரசுகள் முழங்கின. சங்குகள் ஊதின. வீராணி நங்கையின் விழிகள் பனித்தன.

வடதிசைக்குப் போக முதலில் கொள்ளிடத்தைக் கடக்க வேண்டும். கொள்ளிடத்துக்குப் பாலம் கிடையாது.