தயக்கச் சில்லு இல்லாத சுட்டி

கணினிக்கு எண்ணச் சுட்டி வந்தபிறகு, விரலால் சொடுக்குகிறவர்களைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். உள்ளங்கையை அதன்மேல் வைத்தால் போதும். விரல் அசையுமுன்பே மணிக்கட்டு நரம்பில் ஓடும் கட்டளையைப் படித்து, வேலையை முடித்துவிடும். விளையாட்டுக்காரர்களுக்கு அது உயிர். விலைதான் நம்மைப்போன்ற ஆட்கள் கிட்டே நெருங்க முடியாத விலை.

அதனால் ஓசூரில் எஸ்தர் என்ற பெண் சின்னப் பட்டறை போட்டு, எடை குறைந்த, வயர் இல்லாத, மலிவான 'தும்பி' என்ற எண்ணச் சுட்டியைச் செய்தபோது, எல்லாரும் திருச்சி மகிழினியின் வாயைத்தான் பார்த்தார்கள். சுட்டிகளை அலசி மதிப்பிடுவதில் அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் நல்ல வார்த்தை சொன்னால் எஸ்தர் பிழைத்தாள். இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டுதான்.

நேரலையில் மகிழினி வழக்கப்படியே ஆரம்பித்தாள். நகைத் தராசில் வைத்து நிறுத்தாள். காதோரம் குலுக்கிப் பார்த்தாள். அடிமூடியைத் திறந்தாள்.

"இங்க பாருங்க, தயக்கச் சில்லு இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கு. அதான் இவ்வளவு லேசு, இவ்வளவு மலிவு. கெட்டிக்காரப் பொண்ணுதான்!"

பெரிய கம்பெனிகளின் சுட்டியில் எல்லாம் அந்தச் சில்லு உண்டு. நரம்பில் கட்டளை ஓடியதும் அது கண்ணிமைக்கும் நேரம் பொறுத்துப் பார்க்கும். மனசு மாறினால் விட்டுவிடும், மாறாவிட்டால்தான் சொடுக்கும். அந்தப் பொறுமைக்காகவா அவ்வளவு எடை என்று மகிழினியும் நினைத்தாள்.

பிறகு விளையாட்டு. கூட ஆடியவன் ரியாஸ். கல்லூரி நாளிலிருந்து அவளுடைய ஜோடி. திரையில் உடையும் அணையின்மேல் இருவர் ஓட வேண்டும். எதிரே கதவு மூடிக்கொண்டே வரும். பின்னால் விழுந்தவனுக்குக் கயிறு வீசலாம், இல்லையென்றால் தான் மட்டும் தப்பிக்கலாம். மகிழினி ஒருமுறைகூடக் கயிறு வீசாமல் போனதில்லை. 'கயிறு மகி' என்றே அவளுக்குப் பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

ரியாஸ் வழுக்கி விழுந்தான். கயிறு வீச வேண்டும் என்று மகிழினி நினைத்து முடிப்பதற்குள் அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவன் தண்ணீரோடு போய்விட்டான்.

"ஏதோ கோளாறு. இன்னொரு தடவை ஆடுவோம்" என்று சிரித்தாள்.

இன்னொரு தடவையும் அதேதான். மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். அப்போதும் சுட்டி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோளாறு எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இத்தனை காலமும் அவள் கை முதலில் கதவைத்தான் பார்த்திருக்கிறது. பிடித்து நிறுத்தியது மனசு. அதற்கு நேரம் கொடுத்தது சில்லு. ஐயோ, அத்தனை பேர் முன்னால் துணி அவிழ்ந்து விழுந்தமாதிரி இருந்தது.

"வயர்லெஸ் நழுவுதுங்க. நான் ஒண்ணு சொன்னா இது ஒண்ணு செய்யுது. வாங்கிடாதீங்க" என்றாள், குரல் கொஞ்சமும் நடுங்காமல்.

கடைசியில் கைச்சான்று. மதிப்பிடுகிற சுட்டியாலேயே நட்சத்திரம் போடுவது அந்தத் தொழிலில் ஒரு மரியாதை. மகிழினி தும்பியைத் தள்ளி வைத்துவிட்டு, சில்லு உள்ள தன் பழைய சுட்டியை எடுத்து ஒற்றை நட்சத்திரம் போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ரியாஸ் வீட்டுக்கே வந்துவிட்டான். கதவைத் திறந்தவளுக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"விட்டுட்டு ஓடிட்டேன்ல" என்றாள்.

"அட, அதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? என் கையா இருந்தாலும் ஓடியிருக்கும் மகி. யார் கைதான் ஓடாது? பிடிச்சு நிறுத்துறோம்ல, அதான் நாம."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் உட்காரவில்லை.

"ஆனா கைச்சான்றுக்குப் பழைய சுட்டிய எடுத்த பாரு, அதத்தான் என்னால ஜீரணிக்க முடியல. கதவுக்குள்ள ஓடினது உன் கை. ஒற்றை நட்சத்திரம் போட்டது நீ. யோசிக்க நேரம் இருந்துச்சு. யோசிச்சுத்தான் போட்ட. ஓசூர்லேர்ந்து அந்தப் பொண்ணு எனக்குப் போன் போட்டு, வைக்க முடியாம அழுதுச்சு."

அவன் போனபிறகு வெகுநேரம் சமையலறையில் சும்மா நின்றாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் மறுபடியும் நேரலை. பூசி மெழுகாமல் சொன்னாள்: தும்பி சரியாகத்தான் வேலை செய்தது, கதவுக்கு ஓடியது என் கை, மானத்துக்குப் பயந்து பொய் சொன்னேன், எஸ்தர் மன்னிக்க வேண்டும். தும்பியாலேயே கைச்சான்று போட்டாள். பக்கவாட்டுப் பொத்தான் கெட்டியாக இருந்ததற்கு ஒன்றைக் குறைத்துக்கொண்டு நான்கு நட்சத்திரம். காறித் துப்பினவர்களும் இருந்தார்கள், கண்கலங்கினவர்களும் இருந்தார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

வாரம் ஒன்று போயிருக்கும். எஸ்தர் அழைத்தாள்.

"அக்கா, பட்டறை தப்பிச்சிருச்சு! ராத்திரி பகலா ஆள் போட்டுச் செய்யறோம், அப்பவும் பத்தல."

"நல்லா இரும்மா" என்றாள் மகிழினி. நெஞ்சுக்குள் அடைத்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் இறங்கியது.

"ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியல அக்கா. எல்லாரும் பரிசுப் பொட்டலமாவே கேக்குறாங்க. புருஷனுக்கு, மருமகளுக்கு, கூட்டாளிக்கு, வேலைக்கு வரப்போற ஆளுக்கு. ஒரு அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளைக்குப் போய்ச் சேரணும்னு அவசரப்படுத்துறாங்க. தனக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட வாங்கலக்கா."

மகிழினிக்குக் காது மடல் சுட்டது.

எஸ்தர் தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"நீங்க காலையில கேட்டிருந்தீங்களே, ரியாஸ் அண்ணனுக்குன்னு ஒண்ணு... அத அனுப்பிடட்டுமா அக்கா?"