கழுவியாச்சா?

கார்பைட் கல் போடாத டிரம்மிலிருந்து பூண்டு வாடை வந்தது.

சுஐபு குனிந்து மோந்து பார்த்தான். கல்லும் தண்ணீரும் சேர்ந்தால்தான் காஸ் கிளம்பும், காஸ் கிளம்பினால்தான் அந்த அழுகிய பூண்டு வாடை வரும். இதுவோ நாலைந்து மாதமாகக் காய்ந்து கிடந்த டிரம். பழைய சாமான், வாடை உள்ளேயே ஊறிப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். திருப்பாலைக்குடிக் கரைக்கு அப்போதுதான் விசைப்படகுகள் வரத் தொடங்கியிருந்தன. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுச் சொந்தமாக வெல்டிங் வைத்துவிட்டால் இனி எவனிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். அந்த ஆசையில்தான், செத்துப்போன நெய்னா முகம்மதுவின் வெல்டிங் செட்டை அவன் மனைவியிடமே போய் வாங்கி வந்திருந்தான்.

வாங்கியிருக்கக் கூடாது. அது அவனுக்கே தெரியும்.

இராமநாதபுரத்துப் பட்டறையில் நெய்னாவும் அவனும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். எண்ணெய் இருந்த பீப்பாயைக் கழுவி, தண்ணீர் நிரப்பிய பிறகுதான் அதில் நெருப்புக் காட்ட வேண்டும்; உள்ளே ஆவி தங்கியிருந்தால் வெடித்துவிடும். அதனால் டார்ச்சைப் பற்றவைக்குமுன் நெய்னா எப்போதும் ஒரு குரல் கொடுப்பான்: "கழுவியாச்சா?" அன்றைக்கு அந்தப் பெட்ரோல் பீப்பாயைக் கழுவ வேண்டியவன் சுஐபு. பட்டறைக் கிணறு வற்றி, தண்ணீருக்கு ஊருணிவரை நடக்க வேண்டிய கோடை. மறுவாரம் நெய்னாவை மேஸ்திரியாக்கப் போகிறார்கள் என்ற வயிற்றெரிச்சல் வேறு. "கழுவியாச்சு" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு நழுவினான். பீப்பாய் வெடித்த பிறகு, விசாரித்தவர்களிடம், "அவன் கேக்கவே இல்ல, அவசரப்பட்டுப் பத்த வச்சுட்டான்" என்றான். செத்தவனா வந்து சாட்சி சொல்லப் போகிறான்!

நெய்னாவின் மனைவி உம்மு ஹபீபா அந்தச் செட்டை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. கணவன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த மறுநாளே இவனுக்குத்தான் ஆள் அனுப்பினாள்.

"காக்கா, அவுக கேக்காம ஒருநாளும் பத்த வச்சதில்ல" என்றாள், கதவுக்குப் பின்னால் நின்றபடி. "மையத்தக் குளிப்பாட்டக்கூட ஏலல. தோலு கையோட வந்துருச்சு. தண்ணி படாம, மண்ணத் தொட்டுத் தடவித் தயம்மும் செஞ்சுதான் அடக்குனாங்க. இந்தச் சாமானயும் நான் கழுவல. நீங்களே கழுவிக்கங்க."

அந்தக் குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் அவனுக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

மண்ணெண்ணெய் ஊற்றித் துரு தேய்த்து, சவுக்காரம் போட்டு மூன்று தடவை டிரம்மைக் கழுவினான். கொட்டிய தண்ணீர் மூன்று தடவையும் கறுப்பாகவே ஓடி, எத்தனை கொட்டினாலும் குடிக்கிற அந்தக் கடற்கரை மணலில் இறங்காமல் தேங்கி நின்றது. டார்ச்சின் பித்தளை மூக்கில் ஊசி விட்டுக் கரியைக் குடைந்தான். குடையக் குடைய வந்தது. புது ரப்பர்க் குழாயை மாட்டி, மாட்டிய இடத்தில் சவுக்கார நுரையைத் தடவினான். காஸ் ஒழுகினால் நுரை குமிழாக உப்பும். டிரம்மில் இன்னும் கல் போடவில்லை. ஆனாலும் உப்பியது. உப்பிய குமிழ் உடையாமல் உள்ளே போனது. மறுபடி உப்பியது. மறுபடி உள்ளே போனது. தூங்குகிறவன் நெஞ்சு மாதிரி.

சுஐபு அதைத் துணியால் அழுத்தித் துடைத்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும் என்று தன்னையே ஏசிக்கொண்டான். படகுக்காரர் ஒருவர் கொடுத்துப்போன டீசல் டாங்க் காத்துக் கிடந்தது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் ஆள் வந்துவிடும். காலையிலேயே அதைக் கழுவி, ஏழு குடம் தண்ணீரைத் தன் கையாலேயே ஊற்றி, விரலை விட்டும் பார்த்திருந்தான். இந்த ஒரு விஷயத்தில் அவன் யாரையும் நம்பமாட்டான்.

லுஹர் பாங்கு ஓய்ந்த உச்சிப்பொழுது. காற்று நின்றுபோய்க் கருவாட்டு வாடை அப்படியே தொங்கியது. அடுப்படியில் மனைவி சித்தி ஜுனைதா பாத்திரம் உருட்டும் சத்தம்தான் அவனுக்கு இருந்த ஒரே துணை.

கல்லைப் போட்டான். காஸ் சீறியது. கறுப்புக் கண்ணாடியை மாட்டினான். பகல் அணைந்தது.

தீப்பெட்டியைத் தேடிக் கை நீண்டபோது, டார்ச்சின் மூக்கிலிருந்து, சீறலோடு சீறலாக, அந்தக் குரல் வந்தது.

"கழுவியாச்சா?"

பதில் சொல்லக் கூடாது. சொல்லாவிட்டால் நெய்னா பற்றவைக்கமாட்டான். அது அவன் பழக்கம். உயிரோடு இருந்தவரை மாறாத பழக்கம்.

"கழுவியாச்சா?"

உதட்டைக் கடித்தான். ரத்தம் உப்புக் கரித்தது. டார்ச்சைக் கீழே போட நினைத்தான். விரல்கள் பிரியவில்லை.

மூன்றாம் தடவை, உரக்க. வீடு முழுக்கக் கேட்கும்படி.

"கழுவியாச்சா?"

அடுப்படியிலிருந்து சித்தி ஜுனைதா கத்தினாள்.

"எத்தன தடவ கேப்பீக மச்சான்? எப்பவோ கழுவியாச்சு!"

அவள் மீனைச் சொன்னாள்.

சுஐபு பின்னால் நகர்ந்தான். கால் டாங்கில் இடித்தது. கணீரென்றது. காலி. ஏழு குடமும் இல்லை. டீசல் வாடை இல்லை. பெட்ரோல். அன்றைக்கு வந்த அதே பெட்ரோல் வாடை.

தீக்குச்சி உரசவில்லை.

கறுப்புக் கண்ணாடிக்குள் நீலமாக ஒரு பொட்டு எரிந்தது. அந்த வெளிச்சத்தில், அவன் கையைப் பொத்திப் பிடித்திருந்த இன்னொரு கை தெரிந்தது. தோல் இல்லாத கை. கறுப்புத் தண்ணீர் சொட்டியது.

அது அவசரப்படவில்லை. கேட்டுவிட்டுத்தான் பற்றவைத்திருந்தது. டாங்கின் திறந்த வாயை நோக்கி, அவன் கையோடு சேர்த்து, மெல்ல அந்தச் சுடரை இறக்கியது.