ஹீல்ஸ் போட்ட இரண்டு ஆடுகள்

"ஏட்டம்மா, என் செவுரு போச்சு!" என்று மூச்சிரைக்க வந்து நின்றாள் அம்பரீன். ஓய்வுபெற்ற ஏட்டு விஜயகுமாரி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை.

"அழாம சொல்லு."

யாரிடமும் பாடம் கேட்காமல், செல்போனைப் பார்த்தே ஸ்டென்சில் ஓவியம் பழகியவள் அம்பரீன். வெட்டிய அட்டையைச் சுவரில் வைத்து ஸ்ப்ரே அடிப்பாள். ஹீல்ஸ் போட்ட அவளுடைய ஆட்டைத் தெரியாதவர் ஆம்பூரில் கிடையாது. அதற்காகவே பள்ளிக்கூடத் தலைமையாசிரியை தன் நீளமான மதிலை அவளுக்கு வரையக் கொடுத்திருந்தார். முந்தாநாள் ஆட்டு அட்டை காணாமல் போனது. இன்று காலை அதே மதிலில் இரண்டு ஆடுகள். ஒன்று அசிங்கமாக ஈஷியிருந்தது. "இதுதான் உன் வேலைன்னா வேணாம்மா" என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியை.

"நந்தினி வேலைதான் இது! முந்தாநாள் இவ வீட்டுக்கு வந்தது அவளும் நானும்தான். வாங்க, பிடிப்போம்!" என்று துள்ளினாள் கூடவே வந்திருந்த ஜஹீதா. அம்பரீனின் தோஸ்த், ஷூ கம்பெனியில் தோல் வெட்டுபவள்.

காலேஜில் ஓவியம் படித்த நந்தினி என்றாலே அம்பரீனுக்கு வயிறு எரியும். அவளாகவே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள்.

நந்தினி, தலைமையாசிரியை உட்பட எல்லோரும் மதிலடியில் கூடினார்கள். இடதுபக்க ஆடு சுத்தம். வலதுபக்க ஆடு எதிர்த்திசையைப் பார்த்தது, ஓரமெல்லாம் ஈஷல்.

"அட்டையைத் திருப்பி வச்சிருக்காங்க. நீ திருப்புவியா நந்தினி?" என்று கேட்டார் விஜயகுமாரி.

"ஈரத்தோட திருப்பினா பெயிண்ட் செவுத்துல அப்பிக்கும் மேடம். ஸ்ப்ரே அடிக்கிற யாரும் செய்ய மாட்டாங்க."

அம்பரீன் மனசில்லாமல் தலையாட்டினாள்.

"யோசிக்காம திருப்புற கை ஒண்ணு இருக்கு" என்றார் விஜயகுமாரி. "தோல் வெட்டுறவங்க இடது காலுக்கு ஒருதரம் வெட்டுவாங்க. உடனே அட்டையைத் திருப்பிப் போட்டு வலது காலுக்கு வெட்டுவாங்க. எப்பவும் ஜோடிதான். இல்லையா ஜஹீதா?"

ஜஹீதாவின் துள்ளல் அடங்கியது. அம்பரீன் பக்கம் திரும்பினாள்.

"ஆமா, நான்தான் அடிச்சேன். பொறாமைதான்! அந்த ஆட்டு அட்டையை வெட்டிக் குடுத்தது இன்னா உன் கையாடி? என் கை! ஊரெல்லாம் உன் பேரு மட்டும்."

அது பொய்யில்லை. அம்பரீன் ஒருநாளும் அதை யாரிடமும் சொன்னதில்லை. நந்தினியை நிமிர்ந்து பார்க்கவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. தலைமையாசிரியை வாய் திறப்பதற்குள் ஸ்ப்ரே டப்பாவை ஜஹீதாவிடம் நீட்டினாள்.

"உன் பேரைப் போடு."

ஜஹீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுத்தமான ஆட்டின் பக்கம் போனாள்.

"அது இல்லடி" என்றாள் அம்பரீன். "பக்கத்துல ஈஷியிருக்கிறது."