இரண்டாவது ஆல்பத்தில் இன்னொரு குரல்

பாடகி ரோவினா பிளெட்சோ காரை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. நாஷ்வில்லிலிருந்து வெகுதூரம் தள்ளி, இலையுதிர்ந்த மேப்பிள் மரங்களுக்கு நடுவே நிற்கிற அந்த மர வீட்டை ஒலிப்பதிவுக்கூடம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வாசல் பலகைகள் ஈரத்தில் ஊறிப்போய், மிதித்தால் முனகின. மத்தியானம்தான். ஆனாலும் உள்ளே விளக்கில்லாமல் முகம் தெரியவில்லை.

"வா கண்ணு, வா. மழையைக் கையோட கூட்டிட்டு வந்துட்டியா?" என்றார் டெல்பர்ட் ஹாட்சர். அந்தக் கூடத்தின் ஒலிப்பதிவாளர். ரோவினா வெறும் மலைக்காட்டுப் பெண்ணாக இங்கே வந்த நாளிலிருந்து அவரேதான். "பீன்ஸும் சோள ரொட்டியும் அடுப்புல சூடா இருக்கு. தின்னுட்டுப் பாடு. வெறும் வயித்துல நீ பாடினா வால் மிதிபட்ட பூனை தோத்துடும்."

"உங்க வாய்க்கு இத்தனை வருஷமா யாரும் பூட்டுப் போடலையா?"

"பூட்டோட அலைஞ்ச என் பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா. இனி யாரு கேக்கறது!"

ரோவினா சிரித்தாள். ஆனால் சிரிக்கும்போதே கண் கூடத்தின் ஓரத்தில் இருந்த சின்ன அறையின் கதவுக்குப் போய்விட்டது.

தன் முதல் இரண்டு ஆல்பங்களையும் திரும்பப் பாடிப் பதிய வந்திருந்தாள். பழைய ஒலிநாடாக்கள் இசைத்தட்டுக் கம்பெனியின் சொத்து. அந்தக் கம்பெனியே கைமாறிக் கைமாறி, இப்போது யார் எசமானன் என்றே அவளுக்குத் தெரியாது. தன் பாட்டு தனக்குச் சொந்தமாக வேண்டுமென்றால் புதிதாகப் பாடித்தான் ஆகவேண்டும். அதுவும் அச்சு அசலாகப் பழையது மாதிரியே. ஒரு மூச்சு இடம் மாறினாலும் ரசிகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் அதே வீடு, அதே டெல்பர்ட்.

அதே வீடு என்பதுதான் வினை.

முதல் ஆல்பத்தில் இரண்டு குரல்கள். கீழ்க்குரல் ரோவினா, மேல்குரல் அக்கா லெட்டி. டென்னசியின் கிழக்கு மலையில், பாதிரியார் பிரசங்கத்தில் கொட்டாவி விட்டுவிட்டு, தோத்திரப்பாட்டில் சேர்ந்து பாடிப் பழகிய குரல்கள். கூடத்திலும் அப்படியே ஒரே மைக்குக்கு முன்னால், நெற்றியும் நெற்றியும் முட்டுகிற அளவுக்கு நெருங்கி நின்று பாடினார்கள். எது யார் குரல் என்று பெற்ற தாய்க்கே சில இடங்களில் தடுமாறும்.

இரண்டாவது ஆல்பத்தில் கம்பெனிக்குப் பெரிய ஆசை வந்துவிட்டது. கன்ட்ரி எனும் நாட்டுப்பாட்டு வானொலிகளுக்கு ஒரு பதிப்பு, பாப் வானொலிகளுக்கு இன்னொன்று. பாப் பதிப்பில் மலை வயலினான ஃபிடில் வேண்டாம், ஸ்டீல் கிட்டார் வேண்டாம், மலை வாசனையே வேண்டாம். அக்காவும் வேண்டாம். ஆனால் ஒரே மைக்கில் கலந்துவிட்ட குரலை எந்தக் கொம்பனாலும் உருவி எடுக்க முடியாது. லெட்டி தனி அறையில், தனி மைக்கில் பாடவேண்டும். பிறகு அவளை மட்டும் துடைத்து எடுத்துவிடலாம்.

அதை லெட்டியிடம் ரோவினாதான் சொன்னாள். "அந்த ரூம்ல நின்னு பாடு லெட்டி. உன் குரல் இன்னும் சுத்தமா விழுமாம்."

ஒரு காலத்தில் பழம் ஊறப்போட்டு வைத்த ஜாடிகளை அடுக்கிய அறை அது. இன்றைக்கும் வினிகரும் பீச் பழமும் கலந்து மணக்கும். இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும். லெட்டி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்னடி, என்னையும் ஊறப்போட்டு மூடி வெக்கப் பாக்கறியா?" சொல்லிவிட்டுத் தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரோவினாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். 

அந்தப் பாப் பதிப்பில் ஒரு பாட்டு, 'பாலத்துக்கு அந்தப் பக்கம்', நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. ரோவினா பெரிய ஆள் ஆனாள். அந்தக் குளிர்காலத்திலேயே லெட்டி மலைச்சாலையில் கார் சறுக்கிப் போய்விட்டாள். பனியில் விபத்து என்று ஊர் சொன்னது. ரோவினா வாயைத் திறக்கவில்லை.

இப்போது புதுப் பதிப்பில் முதல் ஆல்பத்துக்கு மட்டும் லெட்டியின் இடத்தில் பாட டேனா என்ற பெண்ணை வரவழைத்திருந்தார்கள். நல்ல குரல், துடுக்கான பெண். இன்னொருத்தியோடு நெற்றி முட்டி நின்று பாட ரோவினாவுக்கு மனம் வரவில்லை; அதனால் போன வாரம் அவளை அந்தச் சின்ன அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பாட்டில் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"உள்ள ஏற்கெனவே ஆள் இருக்காங்க, மேடம்" என்றாள்.

"யாரு?"

"தெரியல. என் பாட்டை எனக்கு முந்திப் பாடறாங்க. மூச்சு என் கழுத்துல படுது."

மழைக்கோட்டைக்கூட எடுக்காமல் போனவள்தான், கூப்பிட்டால் போனையே எடுப்பதில்லை.

"சின்னப் பொண்ணு, பயந்துட்டா" என்றார் டெல்பர்ட், தட்டில் பீன்ஸை வைத்துக்கொண்டே. ஆனால் அந்த அறையின் மைக்கை அன்றைக்கே அவர் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். அதை ரோவினா கவனித்தாள். 

இன்றைக்கு இரண்டாவது ஆல்பம். உலகத்துக்குத் தெரிந்த பாப் பதிப்பு. ஒரே குரல், ரோவினாவின் குரல் மட்டும். துணைக்கு யாரும் தேவையில்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

கூடத்தின் நடுவே நின்று, முன்பே பதிந்து வைத்த கிட்டாரோடு 'பாலத்துக்கு அந்தப் பக்கம்' பாடினாள். வயதாகிவிட்டாலும் குரல் கெடவில்லை. மழை கூரையில் ஓயாமல் தட்டியது. பாட்டு முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டெல்பர்ட் தலை நிமிரவே இல்லை.

"என்ன, நல்லா வரலையா?"

"இங்க வா, கண்ணு."

போனாள். அவர் பதிவை ஓடவிட்டார். ரோவினாவின் குரல். முதல் வரி. இரண்டாவது வரி.

மூன்றாவது வரியில் மேலே ஒரு குரல் வந்து சேர்ந்தது.

மெல்லியது. நேரானது. சொல்லின் முடிவைக் கொஞ்சம் மூக்கால் தூக்கி விடுகிற அந்தப் பழக்கம் வேறு ஒருத்திக்கும் கிடையாது.

ரோவினா ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்தாள். "பழைய நாடாவா? ஏதாவது கலந்துபோச்சா?"

"பழசு எதுவும் இந்த வீட்லயே இல்ல. இது ஜாடி ரூம் மைக் ஒயர்ல வந்து விழுந்திருக்கு." டெல்பர்ட் தாழ்ந்த குரலில் பேசினார். "அங்க மைக்கே கிடையாது, ரோ."

இரண்டு பேரும் கதவைப் பார்த்தார்கள். கதவு சாத்தியே இருந்தது. வினிகர் வாசனை மட்டும் இங்கேவரை வந்து நின்றது.

பிறகு ரோவினா சொன்னதை நினைத்தால் நமக்கே கூசும். யாருக்காக அழுதுகொண்டே இத்தனை காலம் வாழ்ந்தாளோ, அந்தக் குரல் திரும்பி வந்து நிற்கிறது. அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அழிச்சிடுங்க."

"என்னது?"

"அச்சு அசலா இருக்கணும்ல? அந்தப் பதிப்புல அவ இல்ல. அழிச்சிடுங்க டெல்பர்ட்."

"ஒரு தடவை இந்த விரலாலதான் அழிச்சேன்" என்றார் அவர். "சோத்துல கை வெக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருது. மறுபடியுமா?"

ரோவினா பொத்தானைக் காட்டினாள். டெல்பர்ட் ஜாடி அறையிலிருந்து பதிவானதை மட்டும் துடைத்தார். திரும்ப ஓடவிட்டார்.

கிட்டார் வந்தது.

மேல்குரல் வந்தது. தனியாக.

ரோவினாவின் குரலைக் காணோம்.

டெல்பர்ட் பதறிப்போய்ப் பொத்தான்களைத் தட்டினார், ஒயர்களைப் பிடுங்கிச் செருகினார். ஒன்றும் ஆகவில்லை. பாட்டு முழுவதும் லெட்டி ஒருத்தியே பாடினாள். கீழ்க்குரல் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெறுமையாகக் கிடந்தது.  இப்படித்தானே அன்றைக்கு லெட்டிக்கும் இருந்திருக்கும் என்று ரோவினாவுக்கு அப்போதுதான், இத்தனை வருஷம் கழித்து, உறைத்தது.

"நான்தான் அவளைக் கொன்னேன்" என்றாள்.

"பைத்தியம் மாதிரிப் பேசாதே. பனில கார் சறுக்குச்சு."

"எதுக்கு அந்த நேரத்துல மலை மேல போனா? யாராவது கேட்டீங்களா?" ரோவினா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு எனக்கு போன் பண்ணினா. ரேடியோல பாட்டு போட்டாங்களாம். 'என் குரலே கேக்கலடி, என்ன ஆச்சு?'ன்னு கேட்டா. கோவமே இல்ல அவளுக்கு. சின்னப்புள்ள மாதிரி கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"'உங்க பள்ளத்துல ரேடியோ சரியா எடுக்காது லெட்டி'ன்னு சொன்னேன்."

டெல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டார். மலைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் வானொலி எடுக்கவில்லையென்றால் காரை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போவார்கள். உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள். லெட்டியும் போனாள், பனி பெய்கிற மலையில், தன் குரலைத் தேடிக்கொண்டு. ஓடைக்குள் கிடந்த காரைக் கண்டுபிடித்தபோது வானொலி பாடிக்கொண்டே இருந்ததாம்.

"துடைச்சிட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னைத் திட்டிட்டு வீட்டுலயே இருந்திருப்பா" என்று ரோவினா அழுதாள். "திட்டு வாங்கப் பயந்து, அவளை அனுப்பி வெச்சேன்."

பதிவு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும். மழைகூட நின்றமாதிரி இருந்தது.

அந்த இரைச்சலுக்குள் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

"சரியாக் கேக்கல, ரோ."

டெல்பர்ட்டின் முழங்கை பட்டு மேசையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"உள்ள வந்து சொல்லு."

ஜாடி அறையின் கதவு திறந்திருந்தது. யார் திறந்தார்கள் என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"போகாதே" என்றார் டெல்பர்ட், அவள் கையைப் பிடித்து. "நாம கிளம்பிடலாம். பாட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

ரோவினா மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். பயம் இல்லாமல் இல்லை.  ஆனால் ஒருமுறை லெட்டியை அந்த அறைக்குள் தனியாக அனுப்பியாகிவிட்டது. "அந்த மைக்கைக் கொண்டாங்க" என்றாள். "இன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே மைக்குல பாடறோம். எவனும் பிரிக்க முடியாத மாதிரி."

உள்ளே விளக்கு எரியவில்லை. டெல்பர்ட் மைக்கை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டார். ரோவினா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பீச் பழ வாசனையோடு ஈரக் கம்பளியின் வாசனையும் வந்தது, பனியில் நனைந்து வந்தவர்களிடம் அடிக்குமே அது.

"துடைச்சிட்டாங்க லெட்டி" என்று மைக்கில் சொன்னாள். "நான் சரின்னு சொன்னேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

 நெற்றியில் குளிராக ஏதோ மெல்ல வந்து முட்டியது.

ரோவினா கண்களை இறுக மூடிக்கொண்டு பாடத் தொடங்கினாள். முதல் வரி. இரண்டாவது வரி. ஹெட்போனில் டெல்பர்ட்டின் குரல் குறுக்கிட்டது. பழைய நாட்களில் பேசுகிற மாதிரியே, வேலையில் மூழ்கிப்போன குரல்.

"ரோவினா, கொஞ்சம் தள்ளி நில்லும்மா. அவளுக்கு மைக் எட்டல."

ரோவினா ஏற்கெனவே சுவரோடு ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தாள். அந்த அறையில் இனித் தள்ளிப் போக இடமே இல்லை.