முதுகு நிழல்

கணவாய்க்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில், சிவப்பும் வெள்ளையும் பூசிய தடுப்புக் கம்பி ஒன்று குறுக்கே கிடந்தது. நாங்கள் அங்கே வந்து சேர்ந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. பக்கத்துத் தகரக் கொட்டகையிலிருந்து காவல்கார அம்மா வெளியே வந்தார். ஆண்கள் போடும் கனத்த மழைக்கோட்டு, கழுத்தில் கம்பளித் துண்டு. எங்கள் சைக்கிள்களின் இரண்டு பக்கமும் தொங்கிய பைகளைப் பார்த்தார்.

“எங்கேர்ந்து இப்படி மிதிச்சுக்கிட்டே வர்றீங்க?”

“கடல்லேர்ந்தும்மா” என்றார் மாமா. “அந்தப் பக்கத்துக் கடல் வரைக்கும் போகணும். நடுவுல யாரோ தெரியாம இந்த மலைய வச்சுட்டாங்க.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. “மேல மூடுபனி இறங்குற நேரம். தனியா வர்றவங்கள நான் விடுறதில்ல.”

“நாங்க ரெண்டு பேர் இருக்கோமே” என்றேன்.

“அப்போ ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே போங்க.”

“இவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஏறணும்னா நான் இங்கயே படுத்துக்குறேன்” என்றார் மாமா.

கம்பி உயர்ந்தது.

மாமா என் அக்காவின் கணவர். குழாய் வேலை செய்பவர். கழுவுதொட்டிகளுக்கு அடியில் முட்டி போட்டுப் போட்டே வலது முட்டி கெட்டுவிட்டது. இந்தப் பயணம் அவருடைய நெடுநாள் ஆசை. அக்கா என்னைத் துணைக்கு அனுப்பியது சைக்கிள் ஓட்ட அல்ல, காவல் காக்க. கிளம்பும்போது வாசலில் வைத்தே சொல்லிவிட்டாள்: “அவரு வலிச்சா சொல்ல மாட்டாரு. நீதான் கண்ணு வச்சிருக்கணும். முழுசா கொண்டாந்து சேத்துடு. இல்லேன்னா நீயும் வராத.”

அதனால் வழி நெடுக நான் அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டு வந்தேன். பகலில் நான் மருந்துக்கடையில் சரக்கு அடுக்குபவன், மாலையில் வகுப்புக்குப் போகிறவன். பையில் இருந்த வலி மாத்திரை அட்டை மெலிந்துகொண்டே வந்தது என் கண்ணுக்குத் தப்பவில்லை. கேட்டால், “எலி தின்னுருக்கும்டா மச்சான்” என்பார்.

நாங்கள் ஓட்டும் முறையைச் சொன்னால்தான் மற்றது புரியும். எதிர்காற்றில் இரண்டு பேர் போகும்போது ஒருவர் முன்னால் காற்றை வாங்கிக்கொள்வார். மற்றவர் அவருடைய பின்சக்கரத்தை ஒட்டியே போவார். அந்த இடத்தில் காற்று அடிக்காது, பாதி உழைப்பு மிச்சம். மாமா அதற்கு ‘முதுகு நிழல்’ என்று பெயர் வைத்திருந்தார். நிழலில் இருப்பவர் பார்க்க வேண்டியது முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்தை மட்டும். சாலையைப் பார்ப்பது முன்னால் போகிறவரின் பொறுப்பு. குழி வந்தால் கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுவந்து அந்தப் பக்கம் சுட்டுவார். ஒதுங்க வேண்டுமானால் கையை வீசுவார். வளைவு வந்தால் மணி அடிப்பார். கேள்வி கேட்காமல் செய்ய வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தால் இருவரும் விழுவோம்.

மாமா முன்னால் ஏறினார். அவருடைய பின் மட்கார்டு உடைந்து கம்பியால் கட்டியிருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் கடகடவென்று அடித்துக்கொள்ளும். எரிச்சலாக இருந்தாலும் அது ஒரு துணை.

பாதி மலையில் மூடுபனி வந்தது. முதலில் பள்ளத்தாக்கு போனது. பிறகு சாலையோரக் கற்கள் போயின. ஈர இரும்பைப் போன்ற ஒரு வாசனை. மேலிருந்து வந்த காற்று கன்னத்தை அறைந்தது. நான் தலையைக் குனிந்து அவருடைய சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் என் மூக்குக்கண்ணாடியில் நீர் படிந்துவிட்டது. ஒரு கையால் கழற்றித் துடைத்தேன். அந்த நேரத்தில் மாமாவின் மணி கேட்டது. வளைவு என்று எடுத்துக்கொண்டேன். மணி பக்கத்திலிருந்து கேட்டதுபோல இருந்தது, ஆனால் மூடுபனியில் ஓசைக்குத் திசை ஏது? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது சக்கரம் முன்னால் இருந்தது.

ஏறிக்கொண்டே இருந்தோம்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவருடைய மிதி சீராகிவிட்டதைக் கவனித்தேன். வலது காலில் எப்போதும் இருக்கும் அந்தச் சிறு தயக்கம் இல்லை. மாத்திரையை முழுங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். கோபம்கூட வந்தது. உச்சியில் நின்றதும் நன்றாகக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டேன்.

பிறகு இன்னொன்றையும் கவனித்தேன். கடகட சத்தம் இல்லை.

கம்பியை இறுக்கியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்போது இறுக்கினார் என்று கேட்டுக்கொள்ளவில்லை. மூச்சு வாங்கும்போது மனிதனுக்கு வசதியான பதிலே போதும்.

உச்சியின் எல்லைக்கல் இடது பக்கம் மங்கலாகத் தெரிந்தது.

“மாமா, நிக்கலாமா?”

முன்னால் கை மட்டும் இடுப்புக்குப் பின்னால் வந்தது. ‘வா’ என்று வீசியது.

இறக்கம் தொடங்கியது. மலையின் இந்தப் பக்கம் அந்தக் காற்று இல்லை. திடீரென்று எல்லாம் அமைதி. மிதிப்பதை நிறுத்தினேன். என் பின்சக்கரம் இறக்கத்தில் எல்லாச் சைக்கிளும் எழுப்பும் அந்தக் கரகர சத்தத்தை எழுப்பியது.

கேட்டது அந்த ஒரு சத்தம் மட்டும்தான்.

முன்னால் போன சைக்கிளும் மிதிக்காமல்தான் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து எதுவும் வரவில்லை. டயர் ஈரத்தில் ஓடும் சரசரப்புகூட இல்லை.

“மாமா?”

என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

கை மறுபடியும் வந்தது. இடது பக்கம் சுட்டியது, குழி. பிறகு வலது பக்கம் வீசியது, ஒதுங்கு.

நான் ஒதுங்கினேன். பழக்கம். உடம்பு யோசிப்பதற்குக் காத்திருக்கவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து கேட்டது. மேலே, தூரத்தில்.

“டேய் மச்சான்! எங்கடா போற? நில்லுடா!”

மாமாவின் குரல்.

இதை எழுதும்போதும் அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. கண்ணுக்கு முன்னால் மாமாவின் சக்கரம். முதுகுக்குப் பின்னால் மாமாவின் குரல். இரண்டில் ஒன்று பொய். குரலை நம்பி நின்றால், முன்னால் போகும் மாமாவை இந்தப் பனியில் விட்டுவிடுவேன். சக்கரத்தை நம்பிப் போனால், மேலே கத்தும் மாமாவை விட்டுவிடுவேன். அக்காவின் முகம் வந்து போனது.

கை மறுபடி வீசியது. இன்னும் வலது பக்கம்.

பின்னால் மேலே எங்கோ, கடகட. கடகடகட.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். பின்சக்கரம் வழுக்கி, நான் பக்கவாட்டில் சாய்ந்து கால் ஊன்றினேன். சூடான ரப்பர் நாற்றம். என் முன்சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் தார் முடிந்திருந்தது. சாலையின் வலது பாதி சரிந்து போயிருந்தது. அதற்கு அப்பால் வெள்ளை மட்டும்தான். நான் உதைத்த ஒரு கல் அதற்குள் போனது. அது விழுந்த ஓசை கடைசிவரை கேட்கவில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். தார் முடிந்த இடத்துக்கும் அப்பால் அந்த முதுகு இருந்தது.

அதுவும் நின்றிருந்தது. குனிந்தபடியே. கை மட்டும் இடுப்புக்குப் பின்னால், பொறுமையாக, வா வா என்று.

கண்ணை மூடிக்கொண்டேன்.

கடகட சத்தம் என் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் திறந்தேன். மாமா ஒற்றைக் காலால் தாங்கிக்கொண்டு இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

“அந்த வளைவுல முட்டி புடிச்சுக்கிச்சுடா. ஓரமா நின்னு மணி அடிச்சேன். நீ என்னைத் தாண்டிப் போற! கத்துறேன், திரும்பிக்கூட பாக்கல. தள்ளிக்கிட்டே ஓடி வர்றேன், எதிர்காத்துல என் குரல் எனக்கே திரும்பி வருது.”

“உங்க பின்னாடிதான் வந்தேன் மாமா.”

“என் பின்னாடியா? நான் எங்க இருந்தேன் உனக்கு முன்னாடி?” அவர் சரிவை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நீ குனிஞ்சு போன விதத்தைப் பாத்தா, யாரோ முதுகு நிழல்ல போற மாதிரிதான்டா இருந்துச்சு.”

மீதி இறக்கத்தை நடந்தே இறங்கினோம், தோளோடு தோள் உரசிக்கொண்டு. அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு முறை, “என்னடா, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குற?” என்றார். சிரிக்க முயன்றேன். உண்மையில் அவர் நொண்டுவது சரியான கால்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சந்தேகத்தை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மறுபக்க அடிவாரத்தில் பனி இல்லை. வெயில்கூடக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தடுப்புக் கம்பி ஏற்கெனவே மேலே தூக்கியிருந்தது. காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து அதன் கயிற்றைக் கையில் பிடித்திருந்தார்.

“நாங்க வர்றது தெரியுமா அண்ணே?” என்றார் மாமா.

“உங்க ஆளுதான் சொல்லிட்டுப் போனாரே.”

“எந்த ஆளு?”

“முன்னாடி போனவரு. வாயத் தொறக்கல. கையப் பின்னால காட்டினாரு, இன்னும் ஆள் வருதுன்னு. அதான் எறக்காம வச்சிருக்கேன்.”

“ஆளு எப்படி இருந்தாரு?” என்றேன்.

“மூஞ்சி எங்க தெரியுது தம்பி? சைக்கிள்காரங்க எல்லாரும் குனிஞ்சுதானே போறீங்க.”

மாமா என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்கள் பயணத்தில் நகைச்சுவை இல்லை. முதல் ஊரிலேயே பேருந்தின் மேல் சைக்கிள்களைக் கட்டி ஏற்றினோம். மறு கடலை நாங்கள் பார்க்கவில்லை. மாமாவை முழுசாக அக்காவிடம் சேர்த்தேன். “அதிசயமா இருக்கே, நீங்களா பாதியில திரும்பினீங்க?” என்று அவள் அவரைக் கேட்டாள். “முட்டி” என்றார். மலையைப் பற்றி அவர் பேசுவதில்லை.

களைப்பு என்கிறார்கள் நண்பர்கள். மேலே காற்றில் பிராணவாயு குறைவு, மூளை எதையாவது காட்டும் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பப் பார்த்தேன். கண்ணை ஏமாற்றலாம். ஆனால் அந்த வளைவிலிருந்து உச்சி வரைக்கும் எதிர்காற்று என் முகத்தில் படவில்லை. மாமாவின் குரலையே திருப்பி அடித்த காற்று. அதை ஏதோ ஒரு முதுகு மறித்தது. இந்த ஒன்றுக்கு மட்டும் என்னிடம் வசதியான பதில் இல்லை.

நேற்று மாலை வகுப்பு முடிந்து ஏரிக்கரைச் சாலையில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். வெளிச்சம் இருந்தது. நல்ல எதிர்காற்று. கரையோர மரங்கள் முழுக்க என் பக்கமாக வளைந்து ஆடின. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

மிதி லேசானது.

முகத்தில் காற்று இல்லை. சட்டை படபடப்பது நின்றுவிட்டது. மரங்கள் அப்படியே வளைந்து ஆடிக்கொண்டிருந்தன.

சாலை காலியாக இருந்தது.

பிரேக்கைப் பிடித்துக் கால் ஊன்றினேன். நான் நின்றால் முன்னால் போவது போய்விடும், காற்று திரும்ப வந்து அறையும் என்று காத்திருந்தேன்.

காற்று வரவில்லை.