மாடிப்படிக் கதவு

மருதமுனைக் கடற்கரையில் அந்த மாளிகையைக் கட்டியவர் ஒரு கொப்பரா வியாபாரி. நூறு வருடத்துக்கு மேலாகிறது. இப்போது அவருடைய பேரன் அப்துல் ஹமீட் ஹாஜியாரும், ஹாஜியாரின் மகன் சுபியானும் மட்டும் அங்கே இருக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக சுபியான் வீட்டைத் திறந்து வைத்திருந்தான்.

சிபானா டீச்சர் அங்கே போனது வாசல் பலகையில் இருந்த ஒரு வரிக்காக. சுனாமியன்று இவ்வீட்டில் அடைக்கலம் புகுந்த அனைவரும் உயிர் தப்பினர் என்று அதில் எழுதியிருந்தது.

அன்று காலை அவளுடைய உம்மா றபீக்கா இந்த வாசலுக்குள் ஓடியதைப் பக்கத்து வீட்டுக்காரி கண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு உம்மாவை ஒருவரும் காணவில்லை. அடக்கம் செய்ய ஜனாஸாவும் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வயதுச் சிபானா அன்று சம்மாந்துறையில் மாமி வீட்டில் இருந்தாள்.

காலை பத்து மணி. கொழும்பிலிருந்து வந்த மாணவிகள் நான்கு பேரும் அவளும்தான். கூடத்துச் சுவரில் தலைக்கு மேலே ஓடிய ஒரு மங்கிய கோட்டை சுபியான் காட்டினான்.

"இந்த மட்டத்துக்குத் தண்ணி வந்த. வந்தவங்க எல்லாரையும் வாப்பா மேல ஏத்திட்டார்."

"எத்தின பேர் காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துச் சிபானா கேட்டாள்.

"கனபேர் டீச்சர். நான் அந்த நேரம் கட்டார் நாட்டில வேலைக்கு. வாப்பா சொல்லித்தான் தெரியும்."

மாடிப்படியின் அடியில் தேக்குக் கதவொன்று இருந்தது. புதிதாய்த் தவிட்டு நிறப் பெயின்ட் பூசியிருந்தார்கள். மற்றவர்கள் ஏறும்வரை சிபானா அதில் கையை வைத்து நின்றாள். பெயின்ட்டுக்குக் கீழே விரலுக்குக் கீறல்கள் தட்டுப்பட்டன. நான்கு நான்காக. மார்பளவில் தொடங்கி, தலையைத் தாண்டி, கை எட்டாத உயரம் வரைக்கும் அவை ஏறியிருந்தன.

அவளும் படியில் ஏறியதும் சுபியான் கதவைச் சாத்தி, உட்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டான்.

"வாப்பாட சட்டம். தாழ் போடாட்டி கத்துவார். இருபது வருசமா அவர் கீழ இறங்கின இல்ல."

மாணவிகள் கடலைப் படம் பிடிக்க பல்கனிக்குப் போனார்கள். சுபியானும் போனான். சிபானா படியின் தலைப்பில் தனியாக நின்றாள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் கீழேயிருந்து சேற்று வாடை வந்தது. கடல் வாடையில்லை. கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போன பிறகு மாதக்கணக்காய் நின்ற வாடை.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

உள்ளங்கையால். வேகமாக.

பிறகு பல கைகள்.

"தொறக்காத," என்றது ஒரு கிழக் குரல். பக்கத்து அறையில் கட்டிலில் ஹாஜியார் கிடந்தார்.

"ஆரு அது?" சிபானாவின் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"அவங்கதான். ஒவ்வொரு நாளும் வாறாங்க." தலையைத் திருப்பி அவளைப் பார்த்தவர் சுவரோடு ஒடுங்கினார். "றபீக்கா... நீ எப்படி மேல வந்த?"

உம்மாவை உரித்து வைத்தது போல இருக்கிறாள் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"நான் அவட மகள்," என்றாள் சிபானா. "உம்மாட பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேரச் சொல்லித்தானே தட்டின. நான் தறிக்கார றபீக்கா, தொறங்க ஹாஜியார் எண்டு. ஆர்ர புள்ளையோ ஒண்டு கையில இரிக்கி, இத மட்டுமாவது எடுங்க எண்டும் கேட்ட."

"நீங்க தொறக்கல்ல."

"பழைய பலகை. எல்லாரும் ஏறினா மாடி உழுந்திரும் எண்டு நெனச்சன்."

"மேல எத்தின பேர் இருந்த?"

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் மட்டும்தான்."

சிபானா படியிறங்கினாள். வாய் தன்பாட்டில் ஓதிக்கொண்டிருந்தது. கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. தாழ்ப்பாளின் இரும்பு ஈரமாயிருந்தது.

"தொறக்காத!"

இழுத்தாள்.

தட்டும் சத்தம் நின்றது. கூடத்தில் வெயில் விழுந்து கிடந்தது. தரை காய்ந்திருந்தது. ஒருவரும் இல்லை.

பிறகு ஒரு குளிர் அவளுடைய தோளை உரசிக்கொண்டு போனது. முதல் படி கிறீச்சிட்டது. இன்னொரு குளிர். இன்னொரு படி. அவள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். ஒவ்வொருவராக, தள்ளுமுள்ளு இல்லாமல், ஏறிப் போனார்கள்.

கடைசியாய் வந்தது அவளருகில் நின்றது. தறி நூலுக்குப் போடும் கஞ்சியின் வாசம்.

"உம்மா," என்றாள்.

அதுவும் மேலே போனது.

மேலே ஹாஜியாரின் அறைக்கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. "இஞ்ச காத்து கூடுதல்," என்று சுபியான் மாணவிகளிடம் சொல்வது கேட்டது.

பத்து நாள் கழித்து, ஒரு பின்னேரம், சுபியான் சிபானாவுக்குப் போன் எடுத்தான்.

"டீச்சர், வாப்பா உறங்குறாரில்ல. கட்டில்ல சுவரோட ஒட்டிக் கெடக்குறார். கால நீட்டுங்க எண்டா இடமில்ல எண்டுறார்." தயங்கினான். "உங்கட உம்மாவ நீங்க வந்து கூட்டிட்டுப் போகட்டாம். எனக்கு ஒண்டும் வெளங்கல்ல."

"எங்க காக்கா கூட்டிட்டுப் போற? அவக்கு அடக்கின கபுறு எண்டு ஒண்டு கூட இல்லியே."

போனில் கட்டில் கிறீச்சிட்டது.

"இரிக்கட்டும். இப்பதானே மேல ஏறின."

அப்போது அவனுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். தொண்டைக்குள் தண்ணீர் போனவர்கள் இருமுவது போல. அதைத் தொடர்ந்து இன்னொருவர். பிறகு ஓர் அறை நிறையப் பேர்.

"ஊட்டுக்கு ஆக்கள் வந்திரிக்கா காக்கா?"

"இல்லியே. நானும் வாப்பாவும்தான் இந்த ரூமுக்குள்ள. ஏன் டீச்சர்?"

சிபானா போனைக் காதோடு அழுத்திப் பிடித்து, அதில் உம்மாவின் இருமல் எது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.