நாற்பது பேரின் சத்தம்

ஷைஸ்தாவுக்கு அடக்க முடியாத கோபம்.

தாராவியில் அவள் ஓதும் மதரஸா ஒரே ஓர் அறைதான். நாற்பது பிள்ளைகளும் அவரவர் பாடத்தை ஒரே நேரத்தில் ஓதுவார்கள். ஆசிரியரான ஹஜ்ரத் கண்ணை மூடிக் கேட்பார். அவர் காதில் விழ வேண்டுமே என்று ஒருவரை மிஞ்சி ஒருவர் கத்துவார்கள்.

அப்படிக் கத்திக் கத்தி ஷைஸ்தாவின் தொண்டை கட்டிவிட்டது. திங்கட்கிழமை உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் ஓதவே இல்லை என்று ஹஜ்ரத் நினைத்துக்கொண்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை மதரஸா விழாவில் அவள் ஓத வேண்டிய குர்ஆன் அத்தியாயத்தை, உடன் ஓதும் சாயிமாவுக்குக் கொடுத்துவிட்டார். ஷைஸ்தா ஒரு மாதமாக மனப்பாடம் செய்த அத்தியாயம் அது.

மறுநாள் உம்மா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரல் ஆழம் விட்டு, 'ஊ' என்று சத்தம் கொடுத்தபடி குமிழி விடச் சொன்னார் டாக்டர். பிறகு வாயை மூடி 'ம்ம்' என்று முனக வேண்டும். கத்தவே கூடாது.

இடைவேளையில் அவள் ஊதுவதைப் பார்த்துச் சாயிமா சிரித்தாள்.

"என்னடி, ஜூஸ் கடை போட்டிருக்கியா?"

ஷைஸ்தாவுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. பல்லைக் கடித்தால் குமிழி வராதே.

வியாழக்கிழமை சாயிமாவின் குரலும் கரகரத்தது. நல்லா வேணும் என்றுதான் ஷைஸ்தா முதலில் நினைத்தாள். ஆனால் எச்சில் விழுங்கவே சாயிமா முகம் சுளித்தாள். ஷைஸ்தா இன்னொரு ஸ்ட்ராவை நீட்டினாள்.

"இந்தா, ஊது. உன் மேல கோவம் ஒண்ணும் போகல."

இருவரும் ஊதும்போது ஹஜ்ரத் வந்துவிட்டார். ஓதுகிற இடத்தில் என்ன விளையாட்டு என்று அதட்டினார்.

ஷைஸ்தா எழுந்து நின்றாள்.

"இது தொண்டைக்கு டாக்டர் சொன்ன பயிற்சி, ஹஜ்ரத். நான் அன்னைக்கு ஓதத்தான் செஞ்சேன். நாப்பது பேர் கத்துனா உங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

ஹஜ்ரத் அவளை அங்கேயே ஓதச் சொன்னார். ஷைஸ்தா கத்தவில்லை, மெதுவாகவே ஓதினாள். கடைசி வரிசை வரை கேட்டது. ஒரு பிழையும் இல்லை.

தப்பு தன்னுடையதுதான் என்றார் ஹஜ்ரத். இனி ஐந்து ஐந்து பேராக ஓதினால் போதும், விழாவில் ஷைஸ்தாவும் சாயிமாவும் ஆளுக்குப் பாதி ஓதலாம் என்றார்.

"பாதியா?" ஷைஸ்தாவின் முகம் மறுபடியும் சிவந்தது.

"முழுசும் அவளே ஓதட்டும், ஹஜ்ரத்," என்றாள் சாயிமா. "எனக்குக் கால்வாசிகூட மனப்பாடம் ஆகல."

ஹஜ்ரத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஷைஸ்தா முழு அத்தியாயத்தையும் ஓதினாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சாயிமா, பக்கத்தில் பேசியவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டிருந்தாள்.